அத்தியாயம் 14: லீவு நாளில் மட்டும்

போன வாரம் டம்ளரை மேஜையில் டங்கென்று வைத்துவிட்டு, வாசல் கதவையும் அதே வேகத்தில் சாத்திக்கொண்டு கிளம்பிய மாமியாரை நடுத்தெருவிலேயே விட்டுவிட்டோம். நல்லவேளை, அவள் நமக்காகக் காத்துக்கொண்டு அங்கேயே நிற்கவில்லை. பஸ் பிடித்து, உட்கார இடமும் பிடித்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதே நாள், காலை மணி எட்டு.

சண்டை என்னவோ ஒரு டம்ளர் தண்ணீருக்குத்தான். மருமகள் வேலைக்குப் போகிற நாளெல்லாம் மாமியார் தண்ணீர் நீட்டுவாள். மருமகள் "வேண்டாம் அத்தை" என்பாள். கல்யாணமாகி இரண்டு வருஷமாக இதே பாட்டு. ஆனால் லீவு நாளில் மட்டும் அவளே சமையலறைக்குப் போய்ச் செம்பு செம்பாக எடுத்துக் குடிப்பாள். ஆக, தண்ணீர் பிடிக்காமல் இல்லை, கொடுக்கிற கைதான் பிடிக்கவில்லை என்று மாமியார் மனசுக்குள் தீர்ப்பு எழுதி வைத்திருந்தாள். இன்று காலை அது வாய்க்கு வந்துவிட்டது.

"நான் குடுத்தா அதுல என்ன விஷமா கலந்திருக்கு?"

மருமகளோ வெயில் கொளுத்துகிற காலையில் தோளில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, இடுப்புக்கு மேலே வலது பக்கம் கையை ஊன்றி நின்றாள். நிற்கிற தோரணையைப் பார் என்று மாமியாருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம்தான் டம்ளர், டங்.

இந்த மருமகளைத் தெருவே 'எஞ்சின்' என்றுதான் கூப்பிடும். சரக்கு ரயில் ஓட்டுகிறாள். நாற்பத்தைந்து பெட்டி நிலக்கரியை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு போகிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவது? மகன் பாலம் கட்டுகிற இடத்தில் மேற்பார்வையாளன். மாதம் ஒருமுறை வருவான், வந்த அன்றைக்கு முழுக்கத் தூங்குவான். வீட்டில் மிச்ச நாளெல்லாம் இந்த இரண்டு பெண்களும்தான்.

மாமியாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. தட்டம்மா. இருபத்தாறு வருஷமாகப் பரிசோதனைக் கூடத்தில் கிருமி வளர்க்கிற தட்டுகளைப் படிக்கிற வேலை. ஜாதகம் பார்க்கிறவர்கள் கட்டத்தைப் பார்த்துச் சொல்வதை, அவள் வட்டத்தைப் பார்த்துச் சொல்லுவாள். ஒரே வித்தியாசம், இவள் சொன்னது தப்பினதில்லை.

கைகழுவி, கோட்டு மாட்டி, சூட்டுப்பெட்டியைத் திறந்தாள். அன்றைக்குப் படிக்க வேண்டிய தட்டுகள் பதினொன்று. உள்ளங்கை அகலத்துக்கு வட்டத் தட்டுகள். நோயாளியின் சிறுநீரிலிருந்து எடுத்த கிருமியை அதில் பரப்பி, மேலே மருந்து தோய்த்த காகித வில்லைகளைப் பொட்டுப் பொட்டாக வைத்து, ஒரு ராத்திரி வளர விட்டிருப்பார்கள். கிருமிக்கு எந்த மருந்து ஆகவில்லையோ அந்த வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். அதுக்கு ஆகாததுதான் நமக்கு ஆகும்.

தட்டில் எண் மட்டும்தான் இருக்கும். பெயர், வயது, விவரமெல்லாம் தனிப் படிவத்தில். தட்டம்மா எப்போதும் தட்டை முதலில் படித்துவிட்டுத்தான் படிவத்தை எடுப்பாள். ஆள் யாரென்று தெரிந்தால் கண் இரக்கப்பட்டுவிடும் என்பது அவள் கொள்கை.

முப்பத்தேழாம் எண் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவள் "அடப் பாவமே" என்றாள்.

எட்டு வில்லைகள். ஐந்தைச் சுற்றி வட்டமே இல்லை. கிருமி வில்லையின் ஓரம்வரை வந்து, ஏறி உட்காராத குறையாக ஒட்டிக்கொண்டு நின்றது. நீர்க்கடுப்பு என்று போனால் டாக்டர்கள் முதலில் எழுதிக் கொடுக்கிற மாத்திரையும் அந்த ஐந்தில் ஒன்று. மிச்சம் மூன்றில்தான் வட்டம் இருந்தது. மூன்றும் ஊசி மருந்துகள்.

"திமிரப் பாரு இதுங்களுக்கு" என்று கிருமிகளைத் திட்டினாள். தட்டோடு பேசுவது அவள் வழக்கம். "யார் வீட்டுப் பொண்ணோ, மாத்திரைய அரையும் குறையுமா தின்னு உங்களுக்கு நல்லா பாடம் சொல்லிக் குடுத்திருக்கா."

அளவுகோலை வைத்து வட்டங்களை அளந்து குறித்துவிட்டுப் படிவத்தை எடுத்தாள். பெயர் என்ற இடத்தில் தட்டம்மாவுடைய சொந்தப் பெயரே இருந்தது.

இனிஷியல்கூட மாறவில்லை. அவள் அப்பா நாலு பேரைக் கேட்டுத் தேடிப் பிடித்து வைத்த பெயர் அது. ஐம்பத்தாறு வருஷத்தில் அந்தப் பெயரில் இன்னொருத்தியை அவள் சந்தித்ததில்லை. வயது இருபத்தொன்பது என்று இருந்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கிற சின்ன கிளினிக்கிலிருந்து வந்திருந்தது. அவள் இல்லாத நேரத்தில் வரவேற்பு மேஜையில் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் கையெழுத்தைப் பார்த்தாள். ஏழு என்ற எண்ணுக்குக் குறுக்கே ஒரு கோடு. வண்டி ஓட்டுகிறவர்களின் குறிப்பேட்டில் ஒன்றும் ஏழும் குழம்பக் கூடாது என்று பழக்கிவிட்ட கோடு. தினமும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் "7 மணிக்கு வருவேன்" என்று ஒட்டியிருக்குமே, அதே ஏழு. தட்டம்மா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

'ஏற்கெனவே எடுத்த மருந்து' என்ற இடத்தில் எழுதியிருந்தது: "7 நாளைக்கு 14 மாத்திரை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். அதனால் லீவு நாளில் மட்டும் சாப்பிட்டேன். 24 நாள் ஆகிறது. இன்னும் இரண்டு மாத்திரை இருக்கிறது."

இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ விதமாக மாத்திரை சாப்பிட்டவர்களை அவள் பார்த்திருக்கிறாள். மூன்றாம் நாளே நல்லாயிட்டேன் என்று நிறுத்தினவர்கள், மிச்சத்தை மாமனாருக்குக் கொடுத்தவர்கள், பாதியைப் பத்திரமாக அடுத்த முறைக்கு எடுத்து வைத்தவர்கள். லீவு நாள் பார்த்துச் சாப்பிட்டவளை இப்போதுதான் பார்க்கிறாள். நடுவில் வேலை நாள் வந்தபோதெல்லாம் அந்தக் கிருமிகள் மூச்சு வாங்கி, உடம்பைத் தேற்றிக்கொண்டு எழுந்திருக்கின்றன. இந்த வீட்டில் கிருமியைப் பற்றி ஊருக்கே சொல்லுகிற ஒருத்தி இருந்தும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று தட்டம்மாவுக்கு நெஞ்சு வலித்தது.

தட்டையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். முடிவுகளில் கையெழுத்திடுகிற டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இது என் பேரு, டாக்டர். ஆனா நான் இல்ல. என் மருமக, ரயில் ஓட்டுறவ."

டாக்டரம்மா தட்டைப் பார்த்தார். "இதைப் பத்தி நீங்க வீட்டுல போய்ப் பேசக் கூடாது. தெரியுமில்ல?"

"நான் இந்தத் தாள்ல இருக்கறதை வீட்டுல சொல்லப் போகல. வீட்டுல பாத்ததை உங்ககிட்ட சொல்றேன். இந்த வெயில்ல சால்வை போத்திக்கிட்டு நின்னா. வலது பக்கம், இங்க, கைய ஊனிக்கிட்டு." சொல்லும்போதே குரல் உடைந்தது. "நான் திமிருன்னு நெனச்சேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். கிளினிக்குக்கு அவரே போன் செய்தார். அவர்கள் நோயாளியின் எண்ணுக்கு முயன்று பார்த்துவிட்டு, அணைத்து வைத்திருக்கிறது என்றார்கள்.

"காய்ச்சலும் முதுகுப் பக்க வலியும் சேர்ந்தா, கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கும். வண்டி எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டரைக்குக் கையெழுத்துப் போடணும்."

"போட விடாதீங்க. நடுவழியில குளிர் எடுத்து உதறல் வந்தா அந்தப் பொண்ணு பிரேக்கை எப்படிப் பிடிக்கும்? இதுக்கு இனிமே மாத்திரை கேக்காது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் அங்க பேசி வைக்கிறேன்."

தட்டம்மா கோட்டைக் கழற்றினாளா இல்லையா என்பது அவளுக்கே நினைவில்லை. கழற்றவில்லை. சரக்கு நிலையத்து வாசலில் வாடகைக் காரிலிருந்து இறங்கியபோது வெள்ளைக் கோட்டோடுதான் இறங்கினாள். காவலாளி யாரோ மருத்துவ அதிகாரி என்று சலாம் வைத்து உள்ளே விட்டார்.

மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம். மருமகள் வேலை பார்க்கிற இடத்துக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. ஓட்டுநர்கள் கையெழுத்துப் போடுகிற அறை நீளமாக, மர பெஞ்சுகளோடு, எண்ணெய் வாசனையோடு இருந்தது. மருமகளைக் காணோம். பெரிய பதிவேட்டின் முன்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"எஞ்சின்... என் மருமக, இன்னும் கையெழுத்துப் போடலையே?"

"இன்னும் வரலம்மா. வருவாங்க. உக்காருங்க."

உட்கார முடியவில்லை. காலையிலிருந்து ஓடின ஓட்டம், பதற்றம் எல்லாம் சேர்ந்து அவளுக்கே அவசரமாக வந்துவிட்டது. "இங்க பாத்ரூம் எங்க இருக்கு?" என்றாள்.

"பொம்பளைங்களுக்கா?" அவர் தலையைச் சொறிந்தார். "ஆறாவது மேடைக்கு அந்தப் பக்கம். பூட்டியிருக்கும். சாவி ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட. அவரு இப்ப சாப்பிடப் போயிருப்பாரு."

"அப்ப வண்டி ஓட்டுற பொண்ணுங்க?"

"அவங்களும் அதான்."

"வண்டில ஏறினப்புறம்? எஞ்சினுக்குள்ள எங்க இருக்கு?"

அவர் இதற்குச் சிரித்தேவிட்டார். "எஞ்சினுக்குள்ள ஏதும்மா அதெல்லாம்? நாங்க சிக்னல்ல நிக்கிறப்ப இறங்கி, ஓரமா..." வார்த்தை பாதியில் நின்றது. சிரிப்பும் நின்றது.

"எத்தனை மணி நேரம் ஓட்டணும்?"

"ஆறு. சிக்னல் கெடைக்கலேன்னா ஒம்பது."

தட்டம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தூரத்தில் எஞ்சின் நின்றது. இரண்டு ஆள் உயரத்துக்கு ஏணிப்படி. சுற்றி ஜல்லியும் தண்டவாளமும் வெட்ட வெளியும். ஒரு செடிகூட மறைவுக்கு இல்லை. அங்கே உட்கார்ந்திருக்கப் போகிறவளுக்குத்தான் இரண்டு வருஷமாக, கிளம்புகிற நாளாகப் பார்த்து, டம்ளர் நிறையத் தண்ணீரை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது அடிவயிறு முட்டிக்கொண்டு நிற்கையில் ஒன்பது மணி நேரம் என்பது என்னவென்று அவளுக்கு விளங்கியது.

"அத்தை?"

வாசலில் மருமகள் நின்றிருந்தாள். தோளில் பை, கையில் விளக்கு, முகம் வெளிறி, உதடு காய்ந்து வெடித்திருந்தது. "வீட்டுல என்ன? அவருக்கு ஏதாவது...?"

"அவனுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கான். இங்க வா."

பக்கத்தில் உட்கார வைத்து நெற்றியில் கை வைத்தாள். சுட்டது. மருமகள் மெதுவாக முகத்தை நகர்த்திக்கொண்டாள். "வெயில்ல நடந்து வந்தேன்ல, அதான்."

"முப்பத்தேழாம் நம்பர் தட்டு" என்றாள் தட்டம்மா. "வயசு இருபத்தொம்பது. பேரு மட்டும் என்னோடது."

மருமகள் கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்தாள். "அந்தக் கிளினிக்லேருந்து உங்க லேபுக்கா அனுப்புறாங்க?"

"வேற எங்க அனுப்புவாங்க? சுத்துவட்டாரத்துக்கே நாங்க ஒரு லேபுதான். சரி, எதுக்கு என் பேரு?"

"சொந்தப் பேர் போட்டா ஆபீசுக்குப் போயிடுமோன்னு பயம். அவங்க திடீர்னு பேர் கேட்டாங்க. அந்த நேரத்துல வேற எதுவும் வரல. உங்ககிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னே யோசிச்சுக்கிட்டிருந்தேன் அத்தை, உங்க பேருதான் வந்துச்சு."

"ரெண்டு வருஷத்துல ஒரு தடவை என் பேரைச் சொல்லியிருக்கியா நீ? மொத மொத எழுதினியே, அதுவும் மூத்திர பாட்டில் மேல."

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலாவுக்குக் கீழே வலித்தது. வலியில் கண் கலங்கி, கலங்கினது வழிந்து, அப்படியே அத்தையின் வெள்ளைக் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தட்டம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பதிவேட்டுக்காரர் எதிர்ச் சுவரிலிருந்த கால அட்டவணையை மிகவும் அக்கறையாகப் படித்தார்.

"இன்னைக்கு ஓட்டாத" என்றாள் தட்டம்மா.

"அடுத்த புதன் பரீட்சை அத்தை. பயணி ரயிலுக்கு. அதுக்குள்ள உடம்பு சரியில்லன்னு எழுதினா பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க. திரும்ப வர ஒரு வருஷம்."

"ஒரு வருஷம் கழிச்சு ஓட்டு. பயணி ரயிலு எங்க ஓடிடப் போகுது?"

"உங்களுக்குப் புரியல." மருமகள் கண்ணைத் துடைத்தாள். "பயணி ரயிலு ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் நிக்கும். இறங்கிப் போயிட்டு வரலாம். அது கெடைச்சுட்டா நானும் எல்லாரையும் மாதிரி தண்ணி குடிப்பேன். அதுக்காகத்தான் இத்தனை நாளும் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டினேன்."

நோய் வராத வேலைக்காக நோயை மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள் இந்தப் பெண். தட்டம்மாவுக்கு அதட்டவும் மனசு வரவில்லை, விடவும் முடியவில்லை.

"எட்டு மருந்து வெச்சுப் பாத்தேன்" என்றாள் மெதுவாக. "அஞ்சு தோத்துப் போச்சு. உனக்குன்னு மிச்சம் இருக்கறது மூணு. பரீட்சை அடுத்த வருஷம் வரும். அந்தக் கிருமி மூணையும் கத்துக்கிச்சுன்னா நாலாவதை நான் எங்கேருந்து கொண்டு வருவேன்? தட்டுல வேற பொட்டு இல்லம்மா."

மருமகளின் தோள் லேசாக உதறியது. வெயில் அறையை வாட்டிக்கொண்டிருந்தது, அவளுக்கோ குளிர் எடுத்திருந்தது. தன் கையே சொன்னபடி கேட்காமல் நடுங்குவதைப் பார்த்துவிட்டு எழுந்து மேஜைக்குப் போனாள்.

"சார், உடம்பு சரியில்லன்னு எழுதிக்குங்க."

"எத்தனை நாளா?"

தட்டம்மா 'நேத்துலேருந்து' என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அளந்த அளவை ஒருநாளும் மாற்றி எழுதாதவளுக்கே அந்த ஆசை வந்தது. மருமகள் முந்திக்கொண்டாள்.

"இருபத்திநாலு நாளா."

பதிவேட்டுக்காரரின் பேனா நின்றது. "அப்ப இத்தனை நாளும் ஓட்டினது?"

"காய்ச்சல் முந்தாநாள்தான் வந்துச்சு, சார். நீர்க்கடுப்போடத்தான் ஓட்டினேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எழுதினால் விசாரணை வரும். எழுதாவிட்டால் அவர் வேலைக்கு ஆபத்து. எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "மேல அனுப்பித்தான் ஆகணும்மா. என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு இன்னைக்கே போன் பண்றேன்" என்றார்.

மூன்று மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்துவிட்டது. படிவத்தில் இந்தத் தடவை சரியான பெயர். தட்டம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டாள். மருந்து சொட்டுச் சொட்டாகக் குழாயில் இறங்கத் தொடங்கியது. மூன்று வட்டங்களில் பெரிய வட்டம் விழுந்த மருந்து அது.

"பத்து நாள்" என்றார் வார்டு டாக்டர். "ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் விட்டுடும். நல்லாயிட்ட மாதிரி இருக்கும். அப்பவும் ஒரு வேளைகூட விடக் கூடாது. கடைசி ஊசி வரைக்கும் போட்டாத்தான் முடிஞ்சதா அர்த்தம்."

"விட மாட்டா, டாக்டர்" என்றாள் தட்டம்மா. "பத்து நாளும் லீவு நாள்தான்."

மருமகள் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

மகனிடமிருந்து போன் வந்தது. ரெண்டு பேருக்கும் சண்டையா என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி. "ஆமா, தண்ணிக்கு. தப்பு என்னோடது. சாயங்காலம் கெளம்பி வா, வந்து தூங்காத" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிறகு மூலையிலிருந்த ஜாடியிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். கட்டிலருகே வந்து நீட்டினாள். காலையில் நீட்டிய அதே கை. ஆனால் இந்தத் தடவை கொஞ்சம் பயந்து நீட்டியது.

மருமகள் டம்ளரைப் பார்த்தாள். இரண்டு வருஷப் பழக்கம், கண் தானாகக் கடிகாரத்துக்குப் போயிற்று. அப்புறம் கதவுக்கு.

"நாலடிதான்" என்றாள் தட்டம்மா. "நான் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். பூட்டு இல்ல. உள்ள தாழ்ப்பாள் சரியா விழுது. வெளக்கும் எரியுது."

மருமகள் எழுந்து உட்கார்ந்து டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் மணி அடித்தது. சரக்கு நிலையத்து எண். மேலிடம் என்ன சொன்னதோ, பட்டியலில் பெயர் இருக்கிறதோ இல்லையோ. மருமகளின் கை பாதியிலேயே நின்றது.

தட்டம்மா போனை எடுத்து மேஜையில் குப்புறக் கவிழ்த்தாள். அது கவிழ்ந்தபடியே அடித்துக்கொண்டிருந்தது.

"அடிக்கட்டும். நீ மொதல்ல குடி."

அவள் குடித்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, டம்ளரை நீட்டி, "இன்னும் கொஞ்சம் குடுங்க அத்தை" என்றாள்.